பூவாடைக்காரி துணை

தான் செத்துப்போன சேதி செந்தாமரைக்கு ஃபேஸ்புக்கில்தான் தெரிந்தது. அதுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்த்து, நீ எப்பவோ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று ஒரு செல்போன் சொன்னால் எவளுக்குத்தான் வயிறு எரியாது?

ஆரம்பித்து வைத்தது மகள் அஸ்வினி. நர்சிங் படிக்கிறவள். லீவுக்கு வந்தவள் சும்மா இருக்கக்கூடாதா? உன்கூடப் படித்தவர்கள் எல்லாரும் இதில் இருப்பார்கள், தேடிக் கொடுக்கிறேன் என்று அம்மாவின் போனை வாங்கி ஒரு ஐடி திறந்தாள். செந்தாமரைக்கு, தான் பிறந்து படித்த திண்டிவனத்தின் பேரைச் சொன்னாலே முகம் சுண்டிப்போகும். மெட்ராஸ் பஸ்ஸில் போனால்கூட அந்த ஊர் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள். ஆனால் அம்சாவைப் பார்க்கணும் என்று ஒரு ஆசை இருந்தது. ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். சரி, பாரேன் என்று விட்டுவிட்டாள்.

பேர் போட்டாயிற்று, பள்ளிக்கூடம் போட்டாயிற்று, 1993 என்று வருஷமும் போட்டாயிற்று. உடனே ஒரு குரூப் வந்து விழுந்தது. '93 செட் நண்பர்கள்.' நடத்துகிறவன் ராம்கி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விசிலடித்துக் கொண்டிருந்த அதே ராம்கி. இப்போது மெட்ராஸில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறானாம், கோட்டு சூட்டோடு போட்டோ. என்னையும் சேர்த்துக்கொள் என்று அஸ்வினி ஒரு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. இறந்துபோனவர்கள் பேரில் ஐடி திறந்து விளையாட வெட்கமாக இல்லையா, எங்கள் தோழி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னொரு தரம் இந்தப் பக்கம் வந்தால் போலீசுக்குப் போவேன் என்று ராம்கி எழுதியிருந்தான். செந்தாமரை கடை ஷட்டரைப் பாதி தூக்கினபடி நின்று அதைப் படித்தாள். வேறு எந்தச் செந்தாமரையையோ சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அஸ்வினி குரூப்புக்குள் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். ஒரே கலர் டீ சர்ட்டு. மேடையில் நாலு போட்டோ, நாலுக்கும் மாலை. மூன்றாவது போட்டோ இவளுடையது. வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, நெற்றியில் குங்குமம் அப்பி, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். கீழே ஆளாளுக்கு அழுகை. அவள் சிரித்தால் வகுப்பே வெளிச்சமாகும் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். ரெண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்து, நகர்ந்து உட்காரு என்றுகூட அவளிடம் பேசாத பயல் அவன். உயிரோடு இருந்தவளைத் தேட ஒருத்தனுக்கும் துப்பில்லை, செத்தவளுக்கு என்ன ஒரு பாசம்!

அதோடு விட்டார்களா? கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்து, சாயங்காலத்துக்குள் அந்த ஐடியையே முடக்கிவிட்டார்கள். நீ நீதான் என்பதற்கு ஆதாரம் காட்டு என்று போன் கேட்டது. செந்தாமரை போனைத் தூக்கி ஜெராக்ஸ் மிஷின் மேல் வீசினாள்.

அஸ்வினி விடவில்லை. தன் ஐடியிலிருந்து அம்சாவைத் தேடிப் பிடித்து, அம்மாவின் நம்பரை அனுப்பினாள். நெய்வேலிப் பக்கம் டீச்சராக இருக்கிற அம்சா, நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கூப்பிட்டாள். நம்ம கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நாம ரெண்டு பேரும் வைத்த பேர் என்ன, சொல்லு பார்க்கலாம் என்றாள். செந்தாமரை அந்தப் பேரைச் சொன்னாள். வெளியில் சொல்லக்கூடிய பேர் இல்லை. அந்தப் பக்கம் அம்சா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அழுது முடித்துவிட்டு அவள் சொன்னதுதான் இது. பரீட்சை முடிந்த அந்த மே மாசம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு சுவரிலும் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். கண்ணீர் அஞ்சலி என்று மேலே, செந்தாமரை போட்டோ நடுவில். மஞ்சள்காமாலையில் போய்விட்டாள் என்று வீட்டில் சொன்னார்களாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போனார்களாம்.

"மாரடிச்சி அழுதோம்டி. அழுதுட்டு, வடை பாயசத்தோட சாப்டுட்டு வந்தோம்டி" என்றாள் அம்சா.

நடந்தது என்ன என்று ஊருக்கே தெரியாது, செந்தாமரைக்குத் தெரியும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு லேத்துப் பட்டறை வேலைக்கு வந்த தேவநாதனை அவளுக்குப் பிடித்தது. வீட்டில் சொன்னால் வெட்டிப் போடுவார்கள். அவர்கள் வேர்க்கடலை விளைகிற நிலம் நீச்சு, மல்லாட்டை மூட்டை, மாடு கன்று என்று இருக்கிற குடும்பம். மீன் பிடிக்கிறவன் மகனை வாசல்படி மிதிக்க விடுவார்களா? மயிலம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்துவிட்டார்கள். அஸ்வினி பிறந்து ஆறு மாசத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தரம் பிறந்த வீட்டுக்குப் போனாள். தெருமுனையிலேயே அண்ணன் ராஜாங்கம் வழி மறித்தான். உனக்கு இங்கே யாரும் இல்லை, இன்னொரு அடி வைத்தாலும் குழந்தை என்று பார்க்கமாட்டேன் என்றான். கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். ஊரறியக் கருமாதி செய்துவிட்டுப் பேசுகிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு அம்மா வெளியில் வரவில்லை. அம்மாவை உள்ளே போட்டுப் பூட்டியிருப்பான், நான் வந்ததே அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் தலைவிரி கோலமாய் ஓடி வந்திருப்பாள் என்று செந்தாமரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒன்றைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமும் ஓட்டினாள். அப்பா போனது மூணு மாசம் கழித்துத் தெரிந்தபோதும், அம்மா இருக்கிறாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தேவநாதன் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அப்போதே தெரியுமாம். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸைப் பார்த்து, எட்டின வரைக்கும் கிழித்துப் போட்டுவிட்டு வந்தானாம். கட்டிக்கொண்டு வந்த புதுசில், உன் சாவு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது என்றான். நீங்களும் சேர்ந்துதான் என்னைப் புதைத்திருக்கிறீர்கள் என்று அவன் மேலேயும் பாய்ந்தாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

கொதிப்பு அடங்குவதற்குள் அம்சா இன்னொன்றை அனுப்பி வைத்தாள். ராஜாங்கத்தின் மகன் வல்லரசுவின் ஃபேஸ்புக் பக்கம் அது. அக்கா கல்யாணம், எல்லாரும் வந்து வாழ்த்துங்கள் என்று பத்திரிகையைப் போட்டிருந்தான். தங்க எழுத்தில், மேலே நட்டநடுவில், 'பூவாடைக்காரி செந்தாமரை துணை' என்று இருந்தது. பக்கத்தில் அதே பள்ளிக்கூடத்துப் போட்டோ. எங்க குலத்தைக் காக்கும் அத்தை என்று வல்லரசு எழுதி, கைகூப்பின பொம்மை வரிசையாய்ப் போட்டிருந்தான்.

பூவாடைக்காரி யார் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கல்யாணம் ஆகாமலோ, பூவும் பொட்டுமாகவோ செத்துப்போன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு கூடை, கூடையில் மஞ்சள் நனைத்த புதுப் புடவை. வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் பம்பை மேளம் அடித்து அவளை அழைத்து, பொங்கல் வைத்துப் படைத்த பிறகுதான் மற்றதெல்லாம். நல்ல வழக்கம்தான். செத்தவளுக்குச் செய்தால் நல்ல வழக்கம்.

போன வருஷம் அம்சாவே அந்த வீட்டுக்குப் போய்வந்தாளாம். செந்தாமரையின் அம்மா சௌந்தரம், போட்டோவுக்கு விளக்குப் போட்டுக்கொண்டே அழுதாளாம். பாவம்டி உங்க அம்மா, நீ செத்துட்டேன்னே நம்பிக்கினு இருக்காங்க என்றாள் அம்சா.

அது போதும் செந்தாமரைக்கு. அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பதெல்லாம் அப்புறம். அம்மா முன்னால் போய் நிற்கவேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒரு கிழவியை இருபத்திரண்டு வருஷம் ஏமாற்றிப் பெண்ணுக்காக அழவிட்டிருக்கிறான் பாவி. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, பூவாடை அழைப்பு புதன்கிழமை என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தது. தேவநாதன் போகாதே என்றான். அஸ்வினி நானும் வருகிறேன் என்றாள். உன்னை எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே கொலை விழும், நீ இரு என்று அவளை அடக்கிவிட்டு, புதன்கிழமை காலையில் பஸ் ஏறினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை திண்டிவனம் போய்ச் சேர. இந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஒருத்தரும் இத்தனை வருஷமாய்த் தாண்டி வரவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரக்காணம் ரோட்டில் ஊர் தாண்டி அவர்கள் வீடு. ஓட்டு வீடு மாடி வீடாகியிருந்தது. வாசலில் பந்தல், வாழை மரம், தெருவே கேட்கிற மாதிரி பம்பைச் சத்தம். நடுக்கூடத்தில் போட்டோ, அதற்கு முன்னால் வாழை இலையில் பொங்கல், கூடையில் புடவை, வேப்பிலை செருகின செம்புக் கரகம். கிணற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் நிரப்பி, பூவாடைக்காரியை அழைத்துக்கொண்டு வந்து வைத்த கரகம் அது. ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பம்பைக்காரர் பெரியசாமி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். செந்தாமரை, தாயே, பொறந்த வூட்டுக்கு வாடியம்மா, வாசல் தெளிச்சி வெச்சிருக்குது, வலது காலெடுத்து வாடியம்மா என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டார், செந்தாமரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவளை வா என்று கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்.

முதலில் பார்த்தவன் ராஜாங்கம். தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. தட்டைப் பொண்டாட்டி அம்பிகாவிடம் கொடுத்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் செந்தாமரையின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத் தெருமுனையில் மீசையை முறுக்கினவன் இப்போது கெஞ்சினான். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது, தங்கச்சி கன்னியாய்ச் செத்துச் சாமியானாள் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருக்கிறது, நீ ஓடிப்போய்க் குப்பத்துக்காரனைக் கட்டியிருக்கிறாய் என்று தெரிந்தால் கல்யாணமே நின்றுபோகும் என்றான்.

"உன் கால்ல வேணா உழறேன் தாமரை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் செத்தே இருக்கச் சொல்றியா?"

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். முடியெல்லாம் வெள்ளை, முதுகு வளைந்துபோயிருந்தது. பஸ்ஸில் வரும்போது செந்தாமரை என்னென்னவோ கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சாவலம்மா. உயிரோடதான்மா இருக்கேன்."

சௌந்தரம் மயங்கி விழவில்லை. அலறவில்லை. மகள் முகத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாய்ச் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியாதாடி?"

செந்தாமரை பிடித்த கையை விட்டுவிட்டாள். அம்மா சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் தெரியுமாம். விழுப்புரத்தில் கடை வைத்திருப்பது தெரியும். பேத்தி நர்சுக்குப் படிப்பதும் தெரியும். ஒரு தரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தபோது ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்று கடையைப் பார்த்தாளாம். நீ யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாய், உடம்பு போட்டிருந்தாய், பார்க்க நன்றாய்த்தான் இருந்தாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன் என்றாள். ரோட்டைத் தாண்டினால் மகள். தாண்டாமல் திரும்பியிருக்கிறாள் பெற்றவள்.

"ஏம்மா வரல?" என்றாள் செந்தாமரை.

"உங்கப்பா வெட்டிடுவேன்னாரு."

"அப்பா போயி ஒம்போது வருசம் ஆவுதே."

அம்மா அதை விட்டுவிட்டு வேறு ஒன்று சொன்னாள்.

"சாமியா இருந்தாதான்டி இந்த ஊட்ல உம் பேர நான் சொல்ல முடியும். வருசா வருசம் உனக்குன்னு பொடவ எடுக்கறேன். மொத பொங்கச்சோறு உனக்குத்தான் படைக்கிறேன். உன்ன மறந்தா இதெல்லாம் செய்வனா?"

அம்மா பெருமையாகவே சொன்னாள், அதுதான் கொடுமை. செந்தாமரைக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"அஸ்வினி பொறக்கறப்போ ரெண்டு நாளு வலிம்மா. பக்கத்துல ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சிக் குடுக்க ஆள் இல்ல. அன்னிக்கி நீ இங்க என் போட்டோவுக்குப் பொடவ சாத்திக்கினு இருந்தியா?"

அண்ணன் பின்பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றான். இப்படியே போய்விடு, ஜல்தி, கல்யாணம் முடியட்டும், நானே அம்மாவை அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வருகிறேன் என்றான். அம்மாவும் அவளை அந்தக் கதவுப் பக்கம்தான் கையைக் காட்டினாள். போடி கண்ணு, பேஜாரு பண்ணாத என்றாள். சாணி கொட்டுகிற வழி அது. செந்தாமரை இருவரையும் விலக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

பெரியசாமி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். செந்தாமரை நேரே போய்த் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நிறுத்துங்க. நான்தான் செந்தாமரை. நான் சாவல. இதோ இங்கதான் நிக்கறேன்."

கூடம் ஒரு கணம் அப்படியே நின்றது. அந்த ஒரு கணத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். ஆனால் அம்பிகா இருக்கிறாளே, அவள் சாமர்த்தியக்காரி. தட்டிலிருந்த கற்பூரத்தைத் தூக்கிப் பிடித்துக் குலவையிட்டாள். பூவாடைக்காரி வந்துட்டா, யாரோ வந்த அம்மா மேல எங்க செந்தாமரை எறங்கிட்டா என்று கத்தினாள்.

அவ்வளவுதான். பம்பை இரண்டு மடங்கு வேகத்தில் எழும்பியது. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ அவள் நெற்றியில் மஞ்சளை அப்பினார்கள், யாரோ முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா தடாலென்று காலில் விழுந்து, தாயே, என் மருமகள் வயிற்றில் சீக்கிரம் ஒரு பிள்ளையைக் கொடு என்றாள். வல்லரசு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். செந்தாமரைக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. எந்த வார்த்தையைச் சொன்னாலும் சாமி பேசுகிற மாதிரியே ஆகிவிடுகிறதே!

"ஏம்மா, நான் மனுசிம்மா. விழுப்புரத்துலேர்ந்து பஸ்சுல வந்தேன்."

பஸ்ஸேறி வந்தாளாம் பூவாடைக்காரி, பொறந்த மண்ணத் தேடி வந்தாளாம் என்று பெரியசாமி அதையும் பாட்டில் சேர்த்தார். எனக்குப் புருஷன் இருக்கிறான், இருபது வயசில் பெண் இருக்கிறாள் என்றாள். மேலோகத்தில் குடும்பமாய் இருக்கிறாள் பாருங்கள் என்று ஒரு கிழவி கண்ணீர் விட்டாள். தப்பு அந்த ஜனத்தின் மேல் இல்லை. அவர்களுக்குச் சொல்லி வைத்தது அப்படி. பெரியசாமியும் தன் தொழிலைத்தான் செய்தார். பம்பையை நிறுத்தி, கையைக் கூப்பி, முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"உனக்கு இன்னா கொறை தாயே? இன்னா வேணும், கேளு."

செந்தாமரை மூச்சு வாங்க நின்றாள். கூடத்துக் கடைசியில், கதவோரமாய், அம்மா நின்றிருந்தாள்.

"எங்க அம்மாவ வரச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் என்னத் தொட்டு, நான் யாருன்னு அவங்க வாயால சொல்லணும். அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

ஜனம் விலகி வழிவிட்டது. சௌந்தரம் மெல்ல நடந்து வந்தாள். மகளை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். செந்தாமரை கண்ணை எடுக்கவில்லை. எம் பொண்ணு என்று ஒரு வார்த்தை. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், பெற்றவள் சொல்லட்டும். அவ்வளவு கோபத்திலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, சொல்லிவிடுவாள் என்று.

சௌந்தரம் மண்டியிட்டாள். நெடுஞ்சாண்கிடையாக மகள் காலில் விழுந்தாள்.

"தாயே, எங்க கொறையெல்லாம் மன்னிச்சிடு. வந்த எடத்துக்கு மலையேறிடும்மா."

சொல்லும்போதே அவள் விரல்கள் செந்தாமரையின் கால் மெட்டியைத் தடவின. பாதத்தில் சூடாய்க் கண்ணீர் விழுந்தது. தெரிந்துதான் விழுந்தாள். தொடுவது மகள் காலென்று தெரிந்து, கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டுதான், போய்விடு சாமி என்று கும்பிட்டாள்.

செந்தாமரை காலை உருவிக்கொண்டாள். அப்புறம் அவள் கத்தவில்லை. குனிந்து கரகத்தை எடுத்தாள். வேப்பிலையைப் பிடுங்கிக் கீழே போட்டாள். செம்பை இரண்டு கையாலும் தூக்கி, அவ்வளவு மஞ்சள் தண்ணீரையும் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தாயி குளுந்துட்டா, மலையேறிட்டா என்று கூடம் முழுக்கக் குலவைச் சத்தம் கேட்டது. சாவு கேட்ட வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொள்கிற தண்ணீர் அது என்று அங்கே ஒருத்திக்கு மட்டும்தான் புரிந்தது. சௌந்தரம் எழுந்திருக்கவும் முடியாமல், ஐயோ, ஐயோ என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். செந்தாமரை அவள் காதுக்குக் கேட்கிற மாதிரிக் குனிந்து சொன்னாள்.

"உனக்குத்தான் ஊத்திக்கினேன்."

காலிச் செம்பைப் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். தடுக்க ஒருத்தரும் வரவில்லை. வருகிற வழியிலெல்லாம் ஜனம் கும்பிட்டுக்கொண்டு விலகியது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பைக்குள் போன் அதிர்ந்தது. அம்சா அனுப்பியிருந்தாள், பதறிப்போய். எங்கள் அத்தை நேரில் இறங்கி வந்த காட்சி என்று வல்லரசு அதற்குள் வீடியோவை ஏற்றிவிட்டானாம். பெரியசாமி பம்பையடிக்க, இவள் வாய் அசைகிறது, என்ன சொல்கிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வந்து கும்பிட்டிருந்தது. ராம்கியும் கைகூப்பின பொம்மை ஒன்று போட்டிருந்தான். செந்தாமரை போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும், உடம்போடு ஒட்டின ஈரப் புடவையையும் பார்த்தார். நடுவயசுக்காரர், அனுபவப்பட்டவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சாவுக்குப் போயிட்டு வர்றீங்களாம்மா? யாருங்க?"

"எங்க அம்மாங்க" என்றாள் செந்தாமரை. "விழுப்புரம் ஒண்ணு குடுங்க."